உரிய வழியாக

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை, பிரஷர் பார்க்கத்தான் போனேன். எங்கள் தெருவில் ரிட்டயரான நர்ஸ் ஒருவர் இருக்கிறார். பெயர் விஜயலட்சுமி. வாரத்துக்கு ஒருமுறை என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பார், அடித்துக்கொண்டே பேசுவார். ஒருநாள் பட்டை நன்றாக இறுகியிருந்த நேரத்தில், "சார், நான் என் சொந்த பிரண்டு மேலயே ரிப்போர்ட் எழுதினவ, தெரியுமா?" என்றார். சொல்லிவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காற்றை இறக்க மறந்துபோனார். என் விரல்கள் நாவற்பழ நிறத்துக்கு வந்துவிட்டன. அன்றைக்கு நூற்றெழுபது காட்டியது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். உப்பு என்ன பாவம் செய்தது?

"எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா என்னை நல்லவளா எழுதிடாதீங்க. அவள கெட்டவளா எழுதிடாதீங்க."

"அப்புறம் யாரைத்தான் என்னவாக எழுதறது?"

"அது உங்க பாடு சார்."

(எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர் 'அவர்'. கதைக்குள் இருக்கும் முப்பத்து மூன்று வயசுக்காரி 'அவள்'. இரண்டு பேரும் ஒரே ஆள்தான். குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

2.

முதல் தொடக்கம்:

'கல்வராயன் மலையின் தோள்களில் மேகங்கள் தவழ்ந்துகொண்டிருந்த அந்த இனிய—'

தூ. அந்த வாரம் மேகமே இல்லை, மண்டையைப் பிளக்கிற வெயில் என்கிறார் விஜயலட்சுமி. மேகத்தை எங்கே போய் வாங்கி வருவது?

இரண்டாவது தொடக்கம்:

'எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. ரோட்டோர மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை—'

இது பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கிறது. அது மட்டுமில்லை. அந்த வாரத்தில் உயிர் விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீடுகள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அதை வைத்து விளையாட எனக்கு மனசு வராது. நான் கேலி செய்யப்போவது ஒரே ஒரு காகிதத்தை மட்டும்தான்.

மூன்றாவது தொடக்கம்:

'அமிர்தத்தின் வாயிலிருந்து வாடை வந்தது.'

இது போதும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

3.

அமிர்தத்தின் வாயிலிருந்து வாடை வந்தது.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். பன்னிரண்டு கட்டில், ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், ஒரு வாட்ச்மேன். மறியலுக்கு முந்தின நாள் மீட்டிங் என்று கள்ளக்குறிச்சிக்குப் போன டாக்டர் அங்கேயே மாட்டிக்கொண்டார். விழுந்த புளியமரம் ஒன்று டெலிபோன் கம்பியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. ஆக, ஆஸ்பத்திரி முழுக்க அமிர்தமும் விஜயலட்சுமியும்தான். வாசலில் வாட்ச்மேன் செல்லமுத்து.

இருவரும் நர்சிங் ஸ்கூலில் ஒரே பேட்ச். மூன்று வருஷம் ஒரே அறை, ஒரே கொசுவலை. இந்த ஆஸ்பத்திரிக்கு அமிர்தம் பதினோரு நாள் முன்னால் வந்து சேர்ந்தவள். அந்தப் பதினோரு நாளால் அவள் இன்சார்ஜ் சிஸ்டர், இவள் வெறும் சிஸ்டர்.

விஜயலட்சுமிக்கு முதலில் தன் மூக்கின் மேல்தான் சந்தேகம். ஆஸ்பத்திரி என்றாலே ஸ்பிரிட் வாடை. பஞ்சில் ஸ்பிரிட், தட்டில் ஸ்பிரிட், தரையில் பினாயில். இதற்கு நடுவில் ஒருத்தியின் வாயை மட்டும் தனியாக எப்படி மோந்து பார்ப்பது? 'ஊது' என்று கேட்க இவள் என்ன போலீசா?

சாயங்காலம் கரண்டு போனது. மெழுகுவத்தி ஏற்றினார்கள். கரண்டு வந்ததும் விஜயலட்சுமிக்கு ஒரு யோசனை தோன்றியது.

"அமிர்தம், அத கொஞ்சம் ஊதி அணைச்சிடேன்." முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

அமிர்தம் இரண்டு விரலால் திரியை நசுக்கினாள். "வெளக்கப் போயி வாயால ஊதுவாங்களாடி? லச்சுமி போயிடும். உங்க வூட்ல ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலியா?"

மறுநாள் இரண்டாவது சோதனை. குடித்தவர்களுக்கு நாக்கு குழறும் அல்லவா?

"'வாழைப்பழம் வழுக்கி விழுந்தது', சொல்லு பாக்கலாம்."

"இன்னாத்துக்கு?"

"சும்மா சொல்லேன்டி."

"வாயப்பயம் வய்க்கி வியிந்திச்சி."

மாட்டிக்கொண்டாள்! விஜயலட்சுமிக்குச் சந்தோஷமா துக்கமா என்றே தெரியவில்லை. மருந்து ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு ஒப்பீட்டுக்காகத் தானே சொல்லிப் பார்த்தாள். வாயப்பயம். இன்னொரு தடவை, நிதானமாக: வாயப்பயம். வாசலுக்குப் போய்ச் செல்லமுத்துவைக் கேட்டாள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று, "வாயப்பயம் சிஸ்டர்" என்றார். இந்தச் சோதனைப்படி கள்ளக்குறிச்சி தாலுகாவே பட்டப்பகலில் போதையில் இருந்தது.

4.

அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. அடியில் போட்டால் நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்பதால் இங்கேயே வைக்கிறேன்: ரோடு மறிக்கப்பட்ட அந்த வாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பிரசவக் கேஸ் எப்படி வந்தது? மலை மேலிருந்து வந்தது. கம்பில் துணி கட்டி, தூளியில் போட்டு, காசியம்மாளை அவள் புருஷன் சின்னதுரையும் இன்னும் மூன்று பேரும் ஒற்றையடிப் பாதையில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். "மறியலாச்சே, எப்படி வந்தீங்க?" என்று விஜயலட்சுமி கேட்டாள். சின்னதுரைக்குக் கேள்வியே விளங்கவில்லை. அவர்கள் ஊரில் மறிப்பதற்கு ரோடே கிடையாது.

அதே பாதையில் இன்னொன்றும் இறங்கிக்கொண்டிருந்தது. மலையில் காய்ச்சின சரக்கு. அதை எந்த மரமும் மறிக்கவில்லை.

5.

அமிர்தத்துக்கு வயிற்று வலி. ஒரு மாசமாகவே வயிற்று வலி. இடுப்பில் ரப்பர் சுடுதண்ணிப் பையை வைத்து, மேலே துண்டால் கட்டிக்கொண்டுதான் வார்டில் நடப்பாள். பெண்பிள்ளைக்கு வயிற்று வலி என்றால் எந்த டாக்டர் மேற்கொண்டு கேள்வி கேட்பான்?

மூன்றாம் நாள் காலை காசியம்மாளின் கட்டிலுக்குக் குனிந்தபோது துண்டு நழுவியது. விஜயலட்சுமி பையைப் பிடித்தாள். ஜில்லென்று இருந்தது. சுடுதண்ணிப் பையில் சூடு இல்லை. மூடியைத் திருகினாள். உள்ளே தண்ணிதான் இருந்தது. ஆனால் இந்தத் தண்ணி அந்தத் தண்ணி இல்லை.

(இந்த வரியை எழுதிவிட்டு நானே சிரித்தேன். விஜயலட்சுமியிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "அடுத்தது இன்னா நடந்ததுன்னு எழுதிட்டு சிரிங்க" என்றார். எழுதுகிறேன்.)

பை விஜயலட்சுமியின் கையில் இருந்தது. அமிர்தத்தின் கையில் ஊசி இருந்தது.

மெத்தர்ஜின் என்று ஒரு மருந்து. பிள்ளை பிறந்த பிறகு, ரத்தம் நிற்பதற்காகப் போடுவது. பிறப்பதற்கு முன்னால் போட்டால் கர்ப்பப்பை இறுகிக்கொண்டுவிடும், உள்ளே இருக்கிற பிள்ளை மூச்சு முட்டிச் செத்துவிடும், தாய் பிழைப்பதும் கஷ்டம். முதல் வருஷத்திலேயே தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுக்கிற பாடம். காசியம்மாளுக்கு இன்னும் பிள்ளை பிறக்கவில்லை. தட்டில் உடைந்து கிடந்த மருந்துக் குப்பியின் பெயரை விஜயலட்சுமி படித்தாள்.

"அமிர்தம், அது இன்னா ஊசி?"

"சத்து ஊசி."

"குப்பிய பாருடி."

அமிர்தம் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு நிமிஷம் முந்தி அந்தத் துண்டு நழுவாமல் இருந்திருந்தால்? அந்த நினைப்போடுதான் விஜயலட்சுமி பிரசவம் பார்த்தாள். ஆண் குழந்தை. நன்றாக அழுதது. காசியம்மாளுக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது.

பையை மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

6.

இப்போது ரிப்போர்ட். விஜயலட்சுமி எழுதியதை அவர் ஞாபகத்திலிருந்து சொன்னபடியே தருகிறேன். அடித்தது அடித்தபடி இருக்கட்டும்.

'ஐயா, தங்கள் மேலான கவனத்திற்கு. இன்சார்ஜ் சிஸ்டர் அமிர்தம் அவர்கள் குடித்துவிட்டு' (அடித்தாள். குடித்ததை இவள் பார்க்கவில்லை.)

'இன்சார்ஜ் சிஸ்டர் அவர்கள் உடல்நலமின்றி' (அடித்தாள். பச்சைப் பொய்.)

'என் அருமைத் தோழி' (இதை எழுதிவிட்டு அழுதாள். பிறகு அடித்தாள்.)

'வாயில் வாடை இருந்தது. தள்ளாடினார். தவறான ஊசி போட இருந்தார். தடுத்தேன். சுடுநீர்ப் பையில் இருந்த திரவம் பூட்டி வைக்கப்பட்டுள்ளது. மாற்று நர்ஸ் ஒருவரை உடனே அனுப்பும்படி வேண்டுகிறேன்.'

இதுதான் நின்றது. கண்ணால் பார்த்ததும் மூக்கால் மோந்ததும் மட்டும்.

ஏன் எழுதினாள்? விஜயலட்சுமி தூங்கி மூன்று ராத்திரி ஆகிவிட்டது. காசியம்மாள் பக்கத்துக் கட்டிலில் இருசம்மாள் என்று இன்னொரு நிறைமாசக்காரி வந்து படுத்துவிட்டாள், தலைப்பிரசவம். இன்னொரு நர்ஸ் வந்தே ஆகவேண்டும். ஆனால் காகிதக் கணக்குப்படி ஆஸ்பத்திரியில் இரண்டு நர்ஸ் இருக்கிறார்கள். இருக்கிற நர்ஸ் இல்லாத மாதிரிதான் என்று யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டால்தானே மூன்றாவது நர்ஸ் வருவாள்? எழுதினால் அமிர்தத்தின் வேலை போகும். எழுதாவிட்டால் இருசம்மாளின் உயிர் போகலாம்.

7.

இந்த இடத்தில் நல்ல எழுத்தாளன் அமிர்தத்துக்கு ஒரு காரணம் கொடுப்பான். நானும் கொடுத்துப் பார்த்தேன். முதல் படியில் அவள் புருஷனைக் கொன்றேன். இரண்டாம் படியில் அவனை உயிரோடு விட்டுவிட்டு, பிள்ளையைக் கொன்றேன். மூன்றாவதில் யாரையும் கொல்லாமல் ஒரு பழைய காதலை வைத்தேன், அது இன்னும் கேவலமாக இருந்தது. விஜயலட்சுமி மூன்றையும் படித்துவிட்டு, பட்டையை வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டினார்.

"காரணம் எழுதாதீங்க சார். காரணம் போட்டீங்கன்னா படிக்கறவங்க அவளுக்கு மால போட்டு உக்காரவச்சிடுவாங்க. காசியம்மாள மறந்துடுவாங்க."

"நீங்க அவங்களைக் கேட்டதே இல்லையா?"

"கேட்டேன். தூக்கம் வரலடின்னு சொன்னா. அவ்ளோதான். யாருக்குதான் தூக்கம் வருது?"

ஆகவே, கதையில் புருஷன் உயிரோடு இருக்கிறார், நைனார்பாளையத்தில் பம்புசெட் ரிப்பேர் பார்க்கிறார். பிள்ளைகள் இரண்டு, நன்றாகப் படிக்கிறார்கள். காரணம் தேடுகிறவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளவும்.

8.

ஐந்தாம் நாள் காலை. கடிதத்தை மடித்துச் செல்லமுத்துவிடம் நீட்டினாள். "அண்ணே, கள்ளக்குறிச்சிக்கு நடந்தே போயி டாக்டர் கையில குடுத்துட்டு வந்துடுங்க."

செல்லமுத்து மரங்களுக்குப் பயப்படுகிறவர் இல்லை. ஐந்து மணி நேர நடை, ஏறிக் குதித்துப் போய்விடுவார். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் ஒரு காகிதத்தில் எது எங்கே இருக்க வேண்டும் என்பது நன்றாகத் தெரியும்.

"சிஸ்டர், இதுல மேல 'உரிய வழியாக'ன்னு இருக்குதே."

"இருக்கும். எல்லா லெட்டர்லயும் அப்படித்தான எழுதுவோம்."

"உரிய வழின்னா இன்சார்ஜ் சிஸ்டரு கையெழுத்துங்க. அவங்க பரிந்துரை போட்டாத்தான் இது இங்கருந்து கெளம்பும். போன வருசம் ஒரு லெட்டரு அது இல்லாம எடுத்துக்கினு போயி எனக்கு மெமோ குடுத்துட்டாங்க. நான் மூணு மாசம் நாயா அலைஞ்சேன்."

"அண்ணே, இது அவ மேல எழுதினது!"

"யாரு மேல எழுதினா இன்னாங்க? வழி ஒண்ணுதானே."

விஜயலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். கெஞ்சினாள், அதட்டினாள், டாக்டரிடம் தானே பதில் சொல்லிக்கொள்வதாகச் சத்தியம் செய்தாள். செல்லமுத்து அசையவில்லை. ரோடெல்லாம் மறித்துக் கிடந்த அந்த வாரத்தில், ஒரு ஆள் மட்டும் வழி தவறமாட்டேன் என்று நின்றார். அவரைத் திட்டவும் முடியாது, மெமோ வாங்கினவர் அவர்தான்.

9.

அமிர்தம் இன்சார்ஜ் மேசையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாக ஒரு சொட்டு இல்லை. முகம் வெளிறி, ஜாக்கெட் முதுகு நனைந்து, கை கொடிமேல் துணி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. சட்டென்று நிறுத்தினால் உடம்பு இப்படித்தான் ஆடும், சிலருக்கு வலிப்பே வரும். இருவருக்கும் தெரியும், இருவரும் படித்ததுதானே.

விஜயலட்சுமி கடிதத்தை மேசையில் வைத்தாள்.

அமிர்தம் முழுக்கப் படித்தாள்.

"இன்னாடி இது, தள்ளாடினார்னு எழுதிகிற? நான் எங்க தள்ளாடினேன்? நேராத்தான நின்னுகினு இருந்தேன்."

"...சரி. அத அடிச்சிடறேன்."

"அடி. ஆனா இத மாத்து. தவறான ஊசின்னா எவனுக்குப் புரியும்? சத்து ஊசி ஒண்ணு ஜாஸ்தி போட்டுட்டான்னு நெனச்சிக்குவான். மெத்தர்ஜின்னு எழுது. பிரசவத்துக்கு முந்தின்னு எழுது."

"அமிர்தம்..."

"எழுதுடி. அந்தப் பொண்ணு மூஞ்சிய நான் பாக்கவே முடியல. ரெண்டு நாளா கட்டில் பக்கம் போவல நானு." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உம், சீக்கிரம்" என்றாள்.

விஜயலட்சுமி எழுதினாள். கண்ணீர் விழுந்து 'மெத்தர்ஜின்' கொஞ்சம் கரைந்தது, அதை மறுபடி எழுதினாள். அமிர்தம் பேனாவை வாங்கி, கடிதத்தின் இடப்பக்கம் 'பரிந்துரைத்துப் பணிந்து அனுப்பப்படுகிறது' என்று எழுத ஆரம்பித்தாள். 'பரி' என்பதே பாம்பு நெளிந்த மாதிரி வந்தது. வேறு காகிதத்தில் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தாள். மூன்று தடவை போட்டாள், மூன்றும் மூன்று பேர் போட்ட மாதிரி இருந்தன.

வாசலிலிருந்து எட்டிப் பார்த்த செல்லமுத்து, "ஆபீசுல இருக்கற கையெழுத்தோட இது ஒத்துப்போவாதுங்க" என்றார், மிகுந்த வருத்தத்தோடு.

"ரேகை வச்சா?" என்றாள் விஜயலட்சுமி.

"சிஸ்டரு போயி ரேக வச்சா ஆபீசரு சிரிப்பாருங்க."

அமிர்தம் பேனாவைக் கீழே வைத்தாள். "அவரு சொல்றது சரிதான். இத இப்டி அனுப்பினா, நீயே எழுதி நீயே போட்டுக்கினன்னு சொல்லுவாங்க. உன்மேல கேஸாயிடும்." பிறகு விஜயலட்சுமியின் இடுப்பைப் பார்த்தாள், அங்கே செருகியிருந்த சாவியைப் பார்த்தாள். "ஒரே ஒரு மொடக்கு. கை நின்னுடும். கையெழுத்து அச்சு மாதிரி வரும்."

10.

முடிவுகள். என்னிடம் மூன்று இருக்கின்றன.

(அ) கொடுக்கிறாள். கை நிற்கிறது. கையெழுத்து மணி மணியாக விழுகிறது. செல்லமுத்து புறப்படுகிறார். வேலை நேரத்தில் குடித்தாள் என்று சொல்லும் கடிதத்தை, வேலை நேரத்தில் குடித்துவிட்டு அவளே பரிந்துரைக்கிறாள், ஊற்றிக் கொடுத்தது புகார் எழுதியவள். மாற்று நர்ஸ் வருவாள். ஆனால் விஜயலட்சுமி அதற்குப் பிறகு எந்த முகத்தோடு—

(ஆ) கொடுக்கவில்லை. கோணல் கையெழுத்தோடு கடிதம் போகிறது. செல்லமுத்து போக மறுக்கிறார், அல்லது போகிறார், டாக்டர் திருப்பி அனுப்புகிறார். இருசம்மாளுக்கு இரண்டு கை வேண்டிய நேரத்தில், மூன்று ராத்திரி தூங்காத ஒருத்தியும் கை ஆடுகிற ஒருத்தியும்தான்—

(இ) மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தவளுக்கு அந்தக் கையெழுத்து தெரியாதா? விஜயலட்சுமியே போட்டுவிடுகிறாள், அமிர்தத்தைவிட நன்றாக. உண்மையைச் சொல்கிற கடிதத்தில் ஒரே ஒரு பொய்—

மூன்றையும் எடுத்துக்கொண்டு விஜயலட்சுமியிடம் போனேன். "இதில் எது நடந்தது?" என்று கேட்டேன். அவர் சொல்லிவிட்டார். எனக்குத் தெரியும். ஆனால் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் அவரை நல்லவர் என்பீர்கள், இல்லை, கெட்டவர் என்பீர்கள். இரண்டும் வேண்டாம் என்றுதான் அவர் கேட்டுக்கொண்டார். அதனால் இந்த இடத்தில் அவரை எழுப்பி அனுப்பிவிட்டு, உங்களை நிற்க வைக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள், வேறு யாரும் இங்கே இல்லை.

மேசையில் கடிதம் இருக்கிறது. பேனா மூடாமல் கிடக்கிறது. உள்ளே இருசம்மாளுக்கு வலி நெருங்கிவிட்டது, அவள் தன் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்துகிறாள். செல்லமுத்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார். சாவி உங்கள் இடுப்பில் இருக்கிறது.

அமிர்தம் உங்களைத்தான் பார்க்கிறாள்.

"குடுக்கறதுன்னா குடு, இல்லன்னா இல்லன்னு சொல்லிடு. ரோசன பண்ணிக்கினு நிக்காதடி. இப்ப போடறேன்னு சொல்றேன். மத்தியானம் வந்து கேட்டா போடமாட்டேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும்."